செமினரிக்கு நிதி திரட்டும் பொறுப்பு: பெங்களூரில் முதல் வருடம்

"இனிமே டோனர் விஷயமெல்லாம் நீங்கதான் பாத்துக்கணும்" என்று முதல்வர் உங்களிடம் ஒரு ஃபைலைக் கொடுத்திருப்பார். உள்ளே பழைய நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். அதில் பலர் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருப்பார்கள், சிலர் வீடு மாறியிருப்பார்கள், மிச்சமிருப்பவர்களுக்கு உங்கள் கல்லூரியின் பெயரே மறந்திருக்கும். இதைப் பார்த்ததும் அடுத்த ஞாயிறு எந்தச் சபையில் போய் நிற்கலாம் என்று மனது ஓடும். கொஞ்சம் பொறுங்கள். முதல் மாதம் யாரிடமும் பணம் கேட்காதீர்கள்.

காரணம், இது செமினரிகள், அதாவது ஆயர்களையும் குருக்களையும் உருவாக்கும் இறையியல் கல்லூரிகள், நிறைந்த ஊர். மில்லர்ஸ் ரோட்டில் 1910இல் தொடங்கிய யுனைட்டெட் தியாலஜிக்கல் காலேஜ் இருக்கிறது. கொத்தனூர்ப் பக்கம் போனால் சயாக்ஸ், சதர்ன் ஏசியா பைபிள் காலேஜ். கத்தோலிக்கர்களுக்கு மல்லேஸ்வரத்தில் செயின்ட் பீட்டர்ஸ், ஓசூர் ரோட்டுப் பக்கம் தர்மாராம். இவை போக மாடியறையில் நடக்கும் வேதாகமப் பள்ளிகள் எத்தனையோ. இவர்கள் எல்லோருடைய கடிதமும் டிசம்பரில் ஃப்ரேசர் டவுனிலோ லிங்கராஜபுரத்திலோ இருக்கும் அதே தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக்குத்தான் போகிறது. கொடுக்க மனதுள்ளவர்கள் ஏற்கெனவே எங்கோ கொடுத்துக்கொண்டிருப்பவர்கள். ஒருவரை முதல்முறை கொடுக்கவைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அவரே அடுத்த வருடமும் கொடுக்கிறாரா என்பதில்தான் உங்கள் வேலை இருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டாவது காணிக்கையை மனதில் வைத்துத்தான்.

பர்சரோடு ஒரு நாள்

கல்லூரியின் பர்சரோடு, அதாவது கணக்கு வழக்கைப் பார்ப்பவரோடு, ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். காபி வாங்கிக் கொடுத்தாவது உட்காருங்கள். வெளியே நீங்கள் கொடுக்கிற வாக்கை உள்ளே காப்பாற்றப்போகிறவர் அவர்தான். டிரஸ்ட் அல்லது சொசைட்டியின் பதிவுப் பத்திரம், வருமான வரித் துறையின் 12ஏ பதிவு (கல்லூரியின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி அனுமதி (கொடுப்பவருக்கு வரிச் சலுகை) இருந்தால் அது, வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ சான்றிதழ், இவை எல்லாவற்றின் நகலையும் வாங்கி, எது எந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

80ஜி "இருந்தால்" என்று சொன்னேன். முழுக்கவோ பெரும்பாலுமோ மத நோக்கத்துக்காக நடக்கும் அமைப்புக்கு அது கிடைக்காது. ஒரு குறிப்பிட்ட மதத்தவர் அல்லது சாதியினர் நலனுக்கென்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும் கிடைக்காது. கிடைத்த அமைப்பும் வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதக் காரியங்களுக்குச் செலவு செய்யக்கூடாது. ஆயர்களை உருவாக்கும் கல்லூரி இதில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அதன் பத்திர வாசகத்தைப் பொறுத்தது. எனவே 12ஏ இருக்கிறது, 80ஜி இல்லை என்று பர்சர் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். தெரிந்துகொள்ளாமல் மேடையேறி "வரிவிலக்கு உண்டு" என்று சொல்லிவிட்டால், மார்ச் மாதம் வரும் போன்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

80ஜி உள்ள கல்லூரி என்றால் இவை தெரிந்திருக்கட்டும். கொடுத்த தொகையில் 50 சதவீதம்தான் கொடுத்தவரின் வரிக்குரிய வருமானத்தில் கழிவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே இது பயன்படும். கொடுத்தவர்களின் பான் எண், விலாசத்தோடு 10பிடி என்ற அறிக்கையை மே 31க்குள் கல்லூரி தாக்கல் செய்து, அவர்களுக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. பேச்சில் எல்லோரும் இன்னும் 80ஜி என்றுதான் சொல்வார்கள், ஆடிட்டரிடம் மட்டும் புது எண்ணைக் கேட்டு ரசீதில் போடுங்கள்.

80ஜி இல்லையே என்று ரொம்பவும் கவலைப்படவும் வேண்டாம். புதிய வரி முறைக்கு மாறிவிட்டவர்களுக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை. நான் பார்த்தவரை, தமிழ்ச் சபைகளில் வரிக்காக ரசீது கேட்பவர்களைவிட, வாங்கிப் பைபிளுக்குள் வைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

இன்னொரு வகையினர் உண்டு. கவரைக் கையில் திணித்துவிட்டு, "பேரெல்லாம் வேண்டாம் பிரதர், வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக்கூடாது" என்பார்கள். நல்ல மனதுதான். ஆனால் பெயர் தெரியாத நன்கொடை கல்வி நிறுவனத்துக்கென்று வந்தால், ஓர் அளவுக்கு மேல் அதற்கு 30 சதவீத வரி விழும். ரசீதுப் புத்தகத்தில் பெயரும் விலாசமும் இருக்கட்டும், ஆண்டறிக்கையில் "ஒரு நலம்விரும்பி" என்று போட்டுக்கொள்வோம் என்று சொல்லிப் பாருங்கள். அநேகமாக ஒத்துக்கொள்வார்கள்.

பாஸ்போர்ட்டைக் கேட்க வெட்கப்படாதீர்கள்

எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ. என்று மத்திய அரசுத் தொழிற்சாலைகளில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்கள், 2001இல் தங்கச் சுரங்கம் மூடியபின் கே.ஜி.எஃப்.பிலிருந்து இங்கே வந்தவர்கள், இவர்கள்தான் பல தமிழ்ச் சபைகளின் முன்வரிசை. இவர்களுடைய பிள்ளைகள் பாதிப் பேர் வெளிநாட்டில். ஆராதனை முடிந்து வெளியே காபி கிளாசோடு நிற்கும்போது பேச்சு இப்படித்தான் போகும்:

"தம்பி, பென்ஷன்ல என்னால ஆயிரம்தான் முடியும். பையன் டல்லாஸ்ல இருக்கான். அவன்கிட்ட சொல்றேன், பெருசா அனுப்புவான்."

"ரொம்ப சந்தோஷம் அங்கிள். அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட்தானே வச்சிருக்காங்க?"

"கிரீன் கார்டு வாங்கிட்டானே."

"அது பரவாயில்ல அங்கிள். சிட்டிசன் ஆயிட்டாங்களான்னுதான் கேக்கறேன்."

இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. மகன் இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையே அல்ல, கல்லூரியின் சாதாரணக் கணக்குக்கு வரலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அவர் கிறிஸ்துமஸுக்கு வந்திருக்கும்போது கமர்ஷியல் ஸ்ட்ரீட் ஏடிஎம்மில் எடுத்து ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத கல்லூரி அதைத் தொடக்கூடாது. பதிவு உள்ள கல்லூரியும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சில் திறந்த கணக்கில்தான் முதலில் வாங்க வேண்டும். அங்கிருந்து பெங்களூர்க் கணக்குக்கு மாற்றிச் செலவழித்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வருடாந்திர எஃப்சி-4 அறிக்கைக்குக் கெடு டிசம்பர் 31, அதாவது நீங்கள் கேரல் சர்வீஸ் ஓட்டத்தில் இருக்கும் நேரம்.

அதே திருத்தம் இன்னொரு வாசலையும் அடைத்தது. வெளிநாட்டுப் பணம் வாங்கிய ஒரு சபையோ டிரஸ்டோ அதை உங்கள் கல்லூரிக்கு மாற்றிவிட முடியாது, இரண்டு பக்கமும் எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தாலும் முடியாது. பழைய கமிட்டிக்காரர்கள் "நம்ம டயோசிஸ் வழியா வாங்கிக்கலாம்பா" என்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது.

க்யூஆர் கோடு அச்சடிக்கும் முன்பும் இதை யோசியுங்கள். யார் ஸ்கேன் செய்தார்கள் என்பது பாதி நேரம் தெரியாது. பாஸ்புக்கில் 500 ரூபாயும் புரியாத ஒரு ஐடியும் மட்டும் நிற்கும். "இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்" என்று கோடுக்கு மேலேயும், "பணம் அனுப்பியதும் பெயர், விலாசம், பான் எண்ணோடு இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள்" என்று கீழேயும் போடுங்கள்.

ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவாகிறது?

"கல்லூரி வளர்ச்சி நிதிக்குத் தாராளமாகக் கொடுங்கள்" என்று கேட்டால் நூறு ரூபாய் வரும். "இந்தப் பிள்ளையின் ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவு இவ்வளவு" என்று கேட்டால் அந்தத் தொகையே வரும். நம் ஜனங்கள் ஆளுக்குத்தான் கொடுப்பார்கள், கட்டடத்துக்கு இரண்டாம்பட்சமாகத்தான்.

ஆகவே இரண்டு எண்களைப் பர்சரிடமிருந்து கறந்துவிடுங்கள். மாணவர் வருடத்துக்கு எவ்வளவு கட்டுகிறார்? கல்லூரிக்கு அவரால் உண்மையில் எவ்வளவு செலவாகிறது? மெஸ், ஹாஸ்டல், ஆசிரியர் சம்பளத்தில் அவர் பங்கு, நூலகம், இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டின் கீழ் உள்ள கல்லூரி என்றால் அதன் தேர்வுக் கட்டணம், வார இறுதி ஊழியத்துக்கு பஸ் காசு, கிரேக்க எபிரெயப் புத்தகங்கள், எல்லாம் சேர்த்து. உதாரணத்துக்கு மாணவர் 60,000 கட்டுகிறார், செலவு 1,60,000 என்றால், இடையில் இருக்கும் ஒரு லட்சம்தான் நீங்கள் கேட்கப்போவது. அதைத் துண்டு துண்டாக்குங்கள். மாதம் 8,500 ஒரு குடும்பம் மொத்தமாக ஏற்கலாம். மாதம் 500 என்று பதினேழு பேர் சேர்ந்தும் ஏற்கலாம். பெண்கள் ஐக்கியம், வாலிபர் ஐக்கியம் போன்றவற்றுக்கு இரண்டாவது வழி கச்சிதமாகப் பொருந்தும். மாதாமாதம் நினைவூட்டுவது இருவருக்குமே சங்கடம், அதனால் யுபிஐ ஆட்டோபேயிலோ வங்கி உத்தரவிலோ போட்டுவிடச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு மாணவரின் பெயரையும் படத்தையும் போட்டுப் பணம் வாங்கினால், அவர் நடுவில் படிப்பை விட்டாலோ அவருக்கு வேறு உதவித்தொகை கிடைத்தாலோ சிக்கல். "மாணவர் உதவி நிதி" என்றே ரசீது போடுங்கள், மாணவரை அறிமுகம் மட்டும் செய்யுங்கள். அவர் வீட்டு வறுமையைச் சபை முன் அவரையே சொல்லவைக்காதீர்கள். நாளை அதே சபைக்கு அவர் ஆயராகப் போக வேண்டியிருக்கும்.

எந்தச் சபைக்கு முதலில்?

பெரிய சபைக்கு அல்ல. உங்கள் கல்லூரியில் படித்தவர் பிரசங்க பீடத்தில் நிற்கும் சபைக்கு. பழைய மாணவர் பதிவேட்டை எடுத்து, சிவாஜிநகர், அல்சூர், காக்ஸ் டவுன், ஆஸ்டின் டவுன், கே.ஜி.எஃப்., ஓசூர் என்று சுற்றுவட்டாரத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று குறியுங்கள். சபையார் கல்லூரியைப் பார்த்ததில்லை, தங்கள் ஆயரைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவர் நல்ல மேய்ப்பராக இருந்தால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. அவரோடு சபைக்கு மனத்தாங்கல் இருந்தால் அந்த வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

போவதற்கு இரண்டு மாதம் முன்பே ஆயருக்கோ பங்குத்தந்தைக்கோ பாஸ்டருக்கோ எழுதுங்கள், கமிட்டிச் செயலரையும் பாருங்கள். தசமபாகம் சபைக்குரியது, நாங்கள் கேட்பது அதற்கு மேலான காணிக்கை என்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் மனதில் இருக்கும் பயமே அதுதான். அறுப்பின் பண்டிகை ஞாயிறு, சபை தன் கட்டட நிதிக்கு ஏலம் போட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் போய் நின்றால் நன்றாயிருக்காது. இறையியல் கல்விக்கென்று ஒரு ஞாயிறை ஒதுக்கும் சபைகள் உண்டு, அந்தத் தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

மேடையில் ஐந்து நிமிடம் போதும். அதில் மூன்றை மாணவருக்குக் கொடுங்கள். தமிழ் ஆராதனைக்குத் தமிழ் பேசும் மாணவரைக் கூட்டிப்போங்கள் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நாகாலாந்து மாணவர் ஒருவர் பாட்டுக்குழுவில் நின்று "ஸ்தோத்திரம்" என்று சொன்னால் ஆன்ட்டிமார்களின் முகம் மலர்வதையும் பார்க்க வேண்டும். "நம்ம பிள்ளைங்க எத்தன பேர் அங்க படிக்கிறாங்க?" என்ற கேள்வி கட்டாயம் வரும். தமிழ் மாணவர் குறைவு என்றால் குறைவு என்றே சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வியும் வரும்: "உங்களுக்கென்னங்க, ஃபாரின்ல இருந்து வருதே?" மிஷனெரி காலத்திலிருந்து வரும் நம்பிக்கை இது. கோபப்படாமல், போன வருட வரவில் எத்தனை பங்கு வெளிநாட்டிலிருந்து வந்தது என்று ஒரே வரியில் சொல்லுங்கள். 1903இல் திருநெல்வேலிக்காரர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்தபோதே இந்தியப் பணத்தில், இந்திய ஆட்களைக் கொண்டு நடத்துவோம் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஊர்ப்பக்கம் வேர் உள்ளவர்களுக்கு இதை நினைவுபடுத்தினால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்காது. "விதை விதையுங்கள், நூறு மடங்கு வரும்" என்ற பேச்சு மட்டும் வேண்டாம். இறையியல் கற்பிக்கும் இடம் அப்படிப் பேசினால் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுப்பது?

காணிக்கைத் தட்டில் வந்ததைச் சபையின் ஆள் ஒருவரும் உங்கள் ஆள் ஒருவரும் சேர்ந்து அங்கேயே எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள். எருசலேமுக்கான தர்மப்பணத்தைப் பவுலே தனியாகக் கொண்டுபோகவில்லை, கூட ஆட்களை வைத்துக்கொண்டார்.

பெரிய தொகை, பெரிய நிபந்தனை

வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டிய தொகைக்கு முதல்வரையும் அழைத்துப்போங்கள். தொகையைச் சொல்ல வேண்டியவர் நீங்கள், ஜெபிக்க வேண்டியவர் அவர். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தில் நாமே குறுக்கிட்டு, "இல்லன்னா பாதிகூடப் போதும் அங்கிள்" என்று இறங்கிவிடுவது எல்லாப் புதியவர்களிடமும் இருக்கும் வழக்கம்.

பெற்றோர் பெயரில் நிரந்தர உதவித்தொகை வைக்க விரும்புபவர்கள் நிறைய. ஐந்து லட்சம் தருகிறேன், வருடாவருடம் ஒரு மாணவரின் முழுச் செலவையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். ஏழு சதவீத வட்டி என்று வைத்தாலும் 35,000தான் வரும். அங்கேயே காகிதத்தில் போட்டுக் காட்டிவிடுங்கள். இது வட்டியை மட்டும் செலவழிக்க வேண்டிய மூலதன நிதி என்று அவர் கைப்பட ஒரு கடிதமும் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் வரிக் கணக்கில் சாதாரண வரவாகிவிடும்.

சில நிபந்தனைகளுக்கு இடமே கொடுக்கக்கூடாது. "நம்ம ஆளுங்க பிள்ளைங்களுக்கு மட்டும் கொடுக்கணும்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். எந்த "நம்ம ஆளுங்க" என்பது இருவருக்குமே தெரியும். சாதி பார்த்துக் கொடுக்கும் உதவித்தொகையை இறையியல் கல்லூரி வாங்கினால் அதற்குமேல் அங்கே கற்பிக்க ஒன்றுமில்லை. 80ஜி உள்ள கல்லூரி என்றால் அந்த அனுமதிக்கும் அது ஆபத்து. "கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு என்று வைத்துக்கொள்ளலாமா ஐயா?" என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள். சேர்க்கையில் இடம் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

ஐ.டி. கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தைப் பற்றி ஆட்சிமன்றக் குழுவில் யாராவது கட்டாயம் பேசுவார்கள். கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரும் காரியங்களுக்குத்தான் அது போகும், ஆயர் பயிற்சி அதில் இல்லை. கல்லூரி நடத்தும் கவுன்சலிங் மையத்துக்கோ சேரிப் பிள்ளைகளின் டியூஷனுக்கோ கேட்டுப் பார்க்கலாம். உங்கள் முதல் வருடத்தை அதில் செலவழிக்காதீர்கள்.

பணம் வந்த பிறகு

ரசீது ஒரு வாரத்துக்குள் போக வேண்டும். கூடவே நன்றிக் கடிதம், முதல்வரின் பேனா கையெழுத்தோடு. வயதானவர்களுக்குத் தமிழில் எழுதுங்கள். இந்த ஊரில் வளர்ந்த அவர்கள் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்கு மாணவரின் குரலில் ஒரு நிமிட வாட்ஸ்அப் செய்தி நன்றாக வேலை செய்கிறது. "அக்கா, இந்த செமஸ்டர் பரீட்சை முடிஞ்சது, எபிரெயு கொஞ்சம் கஷ்டமாயிருந்தது, ஜெபம் பண்ணிக்கோங்க" என்பது போன்ற சாதாரணப் பேச்சு போதும்.

ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் பிறந்தநாள், திருமணநாள், துணையை இழந்த நாள் ஆகியவற்றை ஒரு எக்செல் தாளில் வையுங்கள். கடைசியாகச் சொன்ன தேதிதான் முக்கியம். அன்றைக்குப் போன் செய்து, கல்லூரிச் சிற்றாலயத்தில் காலை ஜெபத்தில் அவரை நினைத்தோம் என்று சொல்லுங்கள், உண்மையிலேயே நினைத்துவிட்டு. பணப் பேச்சை அன்று எடுக்கவே எடுக்காதீர்கள்.

வருடத்துக்கு நான்கு தடவை தொடர்பு, அதில் ஒரு தடவை மட்டும் கேட்பது என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ஜூனில் புதிய மாணவர் வரவு, அறுப்புக் காலம் முடிந்து நவம்பரில் கடிதம், கிறிஸ்துமஸ் வாழ்த்து, பட்டமளிப்புக்கு அழைப்பு. அந்த நவம்பர்க் கடிதத்தில் மட்டும் கேளுங்கள். பட்டமளிப்புக்கு வருபவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு, அவர்கள் உதவிய மாணவரைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவையுங்கள். பேச்சாளர் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள், கூட்டம் முடியாது.

உயிலும் நிலமும்

இரண்டாம் வருடத்தில் யாராவது மெதுவாக, "வீட்டை உங்க காலேஜுக்கு எழுதி வைக்கலாம்னு இருக்கேன்" என்பார்கள். உடன்பிறந்தவரின் பிள்ளையோ அதைவிட நெருங்கிய உறவோ இருக்கும் கிறிஸ்தவர், சாவதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதி, எழுதிய ஆறு மாதத்துக்குள் சட்டப்படியான பாதுகாப்பில் ஒப்படைத்தால்தான் தர்மகாரியத்துக்கு எழுதிய உயில் செல்லும் என்று பழைய சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு அது. ஜான் வள்ளமட்டம் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பழைய வக்கீல் யாராவது அதைச் சொல்லிப் பயமுறுத்தினால் இந்த வழக்கின் பெயரைச் சொல்லுங்கள்.

ஆனால் உயில் எழுதும் இடத்தில் கல்லூரி ஆள் ஒருவரும் இருக்கக்கூடாது, சாட்சிக் கையெழுத்தும் போடக்கூடாது. அவருக்கு அவருடைய வக்கீல், கல்லூரிக்குக் கல்லூரி வக்கீல். பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று பக்குவமாகக் கேளுங்கள். தெரியாது என்றால், சொல்லிவிட்டு எழுதும்படி வேண்டிக்கொள்ளுங்கள். அடக்க ஆராதனை முடிந்த மறுவாரம் கோர்ட் நோட்டீஸ் வாங்குவது கல்லூரிக்கு நல்ல பெயரல்ல. அப்புறம், பெங்களூர் நிலம் என்றால் மாநகராட்சிச் சொத்துப் பதிவில் அது ஏ காத்தாவா (முறையானது) பி காத்தாவா (குறை உள்ளது), வில்லங்கச் சான்று சுத்தமா, வரி கட்டியிருக்கிறதா என்று வக்கீல் பார்த்துச் சொல்லும்வரை ஆட்சிமன்றக் குழுவில் அறிவிக்காதீர்கள். ஆண்டறிக்கையிலும் போடாதீர்கள்.